சிஸ்டர் சொன்ன அந்த ஒரு வரி: நர்சிங் அசிஸ்டன்ட் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

கேள்வி இது: "கடலூரில் நர்சிங் அசிஸ்டன்ட் பயிற்சியில் இருக்கிறேன். முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் பயிற்சிக்குப் போன முதல் நாளே சிஸ்டர், ‘ஸ்ட்ரோக் கேஸ், ரைட் ஹெமி, பார்ஷியல் அசிஸ்ட், டூ அவர்லி பொசிஷன், சாஃப்ட் டயட், திக் லிக்விட், ஃபோலிஸ் இருக்கு, ஐ-ஓ பாரு, ஃபால் ரிஸ்க்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார். பாதி புரியவில்லை. அக்யூட் கேர், லாங் டெர்ம் கேர், பாலியேட்டிவ் கேர் என்று நோட்ஸில் வருவதும் குழப்புகிறது. யாராவது விளக்க முடியுமா?"

அந்த வரியில் இருப்பவை ஒவ்வொன்றும் உங்கள் கைகளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ‘ஹெமி என்றால் ஒரு பக்க வாதம்’ என்று நோட்டில் எழுதிவிட்டால் தேர்வில் மதிப்பெண் வரும். ஆனால் வீல்சேரை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் போனால் அந்த நோயாளி விழுவார். அதனால் ஒவ்வொரு சொல்லையும் ‘இதைக் கேட்டால் நான் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது’ என்றே படியுங்கள். கீழே அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில் இடங்கள். தமிழ்நாட்டில் அடிமட்டத்தில் துணை சுகாதார நிலையம். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அங்கே இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். அதற்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையம், ஊரில் சொல்வது பி.எச்.சி.; சுமார் 30,000 பேருக்கு ஒன்று. வட்டார அளவில் 30 படுக்கையோடு மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையம். பிறகு வட்ட மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கடலூர் மாவட்டத்தில் தலைமை மருத்துவமனை கடலூர் நகரில் இருக்கிறது, மருத்துவக் கல்லூரி சிதம்பரத்தில். பி.எச்.சி.க்கள் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கீழும், வட்ட, மாவட்ட மருத்துவமனைகள் மருத்துவப் பணிகள் இயக்குநரகத்தின் கீழும், கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழும் வரும். ஒரு இடத்துச் சீட்டும் படிவமும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். அதன் அரசு மருத்துவமனைகள் தமிழ்நாட்டுக் கணக்கில் சேராது. கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் இரண்டிலும் சேராது, அது மத்திய அரசு நிறுவனம். பிரெஞ்சு ஆட்சியில் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழி வந்தது. 2008-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. கடலூரிலிருந்து ‘ஜிப்மருக்கு ரெஃபர்’ என்று எழுதினால் அது மாநில எல்லை தாண்டும் பயணம். ரெஃபரல் கடிதம், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், ஆதார், காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுக் கொடுங்கள். விழுந்து அடிபட்ட கேஸ் என்றால் விபத்துப் பதிவேட்டு நகலும் சேர வேண்டும். வார்டில் இதை ‘ஏ.ஆர். காப்பி’ என்பார்கள். இன்னொன்று: ‘ஜி.எச்.’ என்று சொன்னால் கடலூர்க்காரருக்கு ஒரு கட்டடம், புதுச்சேரிக்காரருக்கு வேறு கட்டடம். பாகூர்ப் பக்கம் ஒரு ஊர் புதுச்சேரியிலும் அடுத்த ஊர் கடலூர் மாவட்டத்திலும் இருக்கும். ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் ஊர்ப் பெயரோடு சேர்த்தே சொல்லுங்கள்.

இப்போது ‘கேர்’ என்று முடியும் சொற்கள். அக்யூட் கேர் என்பது திடீரென்று வந்த, உடனே கவனிக்க வேண்டிய நோய்க்கான சிகிச்சை: மாரடைப்பு, பக்கவாதம் வந்த முதல் நாட்கள், எலும்பு முறிவு. நாட்கணக்கில் முடியும். சப்-அக்யூட் அல்லது ரீஹாப் என்பது ஆபத்து நீங்கியபின், எழுந்து நடக்கவும் விழுங்கவும் பேசவும் பழக்கும் காலம். வாரங்கள், மாதங்கள் ஆகும். லாங் டெர்ம் கேர் என்பது முழுக் குணம் எதிர்பார்க்க முடியாத நிலையில், ஒருவரின் அன்றாடத் தேவைகளை நீண்ட காலம் பார்த்துக்கொள்வது. முதியோர் இல்லத்திலும் நடக்கும், வீட்டில் ஹோம் நர்சிங்காகவும் நடக்கும். இந்த மூன்றாவதில்தான் நர்சிங் அசிஸ்டன்ட்டின் உழைப்பு மிக அதிகம். டாக்டர் வாரம் ஒரு முறை வருவார், சிஸ்டர் ஒரு ஷிஃப்ட்டில் பலரைப் பார்ப்பார், நாள் முழுக்க நோயாளியின் தோலையும் தட்டையும் சிறுநீர்ப் பையையும் பார்ப்பவர் நீங்கள் மட்டுமே.

பாலியேட்டிவ் கேர் என்றாலே ‘கைவிட்டுவிட்டார்கள்’ என்று குடும்பங்கள் நினைத்துக்கொள்கின்றன. அது தவறு. வலி, மூச்சுத்திணறல், வாந்தி, பயம் ஆகியவற்றைத் தணிக்கும் சிகிச்சை அது. நோய்க்கான சிகிச்சை நடக்கும்போதே சேர்ந்து நடக்கலாம். வாழ்வின் கடைசிக் காலத்துக்கு மட்டுமான பராமரிப்பு ஹாஸ்பிஸ். ரெஸ்பைட் கேர் என்பது வீட்டில் பார்த்துக்கொள்பவருக்குச் சில நாள் ஓய்வு கிடைக்க நோயாளியை வேறிடத்தில் வைத்துப் பார்ப்பது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் பாலியேட்டிவ் கேரும் வீட்டுக்கே வருகின்றன. கடலூர்ப் பக்கம் ஹோம் நர்சிங் போகும் வீடுகளில் இதைக் குடும்பத்தினரிடம் சொல்லுங்கள், அந்தந்த பி.எச்.சி.யில் கேட்டால் பதிவு செய்துகொள்வார்கள்.

பண விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை எங்கும் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கானது. முதியோர் இல்ல மாதக் கட்டணத்துக்கோ ஹோம் நர்ஸ் சம்பளத்துக்கோ அதிலிருந்து பணம் வராது. ‘அட்டை இருக்கு, எல்லாம் கவர் ஆகும்’ என்று நீங்கள் வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது. உங்கள் நோட்ஸில் மெடிகேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு), மெடிகேய்டு (ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு), ஸ்கில்டு நர்சிங் ஃபெசிலிட்டி என்று வந்தால் அவை அமெரிக்கச் சொற்கள். அங்கே 1987-ல் வந்த சட்டத்தின்படி நர்சிங் ஹோமில் வேலை பார்க்கும் உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி கட்டாயம். மெடிகேரும் நீண்டகால அன்றாடப் பராமரிப்புக்குப் பணம் தராது. நம் ஊரில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் சின்னத் தனியார் மருத்துவமனை. அங்கே அதே சொல்லுக்கு முதியோர் தங்கிப் பராமரிக்கப்படும் இடம் என்று பொருள். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த ஒரு சொல்லில் பலர் தடுமாறுகிறார்கள்.

நோயாளியிடம் ஏதாவது மாற்றம் கண்டால் யாரிடம் சொல்வது என்பதற்குப் பதில் ஒரே வரிதான்: உங்கள் ஷிஃப்ட்டின் ஸ்டாஃப் நர்ஸிடம், அதாவது சிஸ்டரிடம். அவர் ட்யூட்டி டாக்டரிடம் சொல்வார். வரிசையைத் தாண்டி டாக்டருக்கு நீங்களே போன் செய்வதும், சொந்தக்காரரிடம் முதலில் சொல்வதும் வேண்டாம். நோயாளி மயங்கிக் கிடந்து சிஸ்டரும் பக்கத்தில் இல்லை என்றால் மட்டும் கூவி அழைத்து யார் வந்தாலும் உதவி கேளுங்கள், வீட்டில் தனியாக இருந்தால் 108. உங்கள் வேலையின் எல்லையைப் பாடத்தில் ‘ஸ்கோப் ஆஃப் பிராக்டீஸ்’ என்பார்கள். குளிப்பாட்டல், உடுத்தல், ஊட்டல், திருப்பிப் படுக்கவைத்தல், வைட்டல்ஸ் (நாடி, மூச்சு, காய்ச்சல் போன்றவை) எடுத்தல், அளந்து எழுதுதல் எல்லைக்குள். ஊசி, இன்சுலின், டிரிப்ஸ் வேகத்தை மாற்றுவது, சிறுநீருக்கான ஃபோலிஸ் கதீட்டரோ மூக்கு வழி உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூபோ போடுவது, ‘இது கேன்சர்தான்’ என்று நோயைச் சொல்வது எல்லைக்கு வெளியே. ‘நீங்கதானே இருக்கீங்க, இந்த இன்சுலினை மட்டும் போட்டுவிடுங்க’ என்று வீட்டார் கேட்பார்கள். ‘அது சிஸ்டர் செய்ய வேண்டியதுங்க, நான் அவங்களுக்குப் போன் போடுறேன்’ என்று பணிவாக மறுத்துவிடுங்கள்.

இனி அந்த வரி. ‘ரைட் ஹெமி’ என்றால் வலது பக்கக் கை கால் செயலிழந்தவர். ‘ஹெமி’ ஒரு பக்கம், ‘பாரா’ இரண்டு கால், ‘குவாட்ரி’ இரண்டு கை, இரண்டு கால். வலது பக்கம் செயலிழந்தால் பாதிப்பு மூளையின் இடப்பக்கத்தில். பெரும்பாலோருக்குப் பேச்சுக்கான பகுதியும் அங்கேதான் இருப்பதால் அவருக்குச் சொற்கள் வராமல் போகலாம். அதற்குப் பெயர் அஃபேசியா. பேச வராதவருக்கு நீங்கள் சொல்வது புரிந்துகொண்டே இருக்கலாம். ஆமாம், இல்லை என்று தலையசைக்கக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள், பதிலுக்குப் பத்து விநாடி காத்திருங்கள். அவர் தலைக்கு மேலே நின்றுகொண்டு அவரைப் பற்றி மற்றவரிடம் பேசாதீர்கள்.

வீல்சேர் அவருடைய நல்ல பக்கத்தில், அதாவது இடது பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக. இரண்டு பிரேக்கும் போட்டாகிவிட்டதா, கால்மிதி மடக்கியாகிவிட்டதா என்று பார்த்த பிறகே எழுப்ப வேண்டும். எழுந்ததும் நல்ல கால் தாங்கும், நல்ல கை பிடிக்கும். செயலிழந்த கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தசை பிடிப்பில்லாத தோள் மூட்டு விலகிவிடும். அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும், பயிற்சியே செய்யவிடாது. இடுப்பில் பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். சட்டை போடும்போது செயலிழந்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். இந்த வரிசை மாறினால்தான் கை முறுக்கிக்கொள்ளும்.

‘பார்ஷியல் அசிஸ்ட்’ என்பது ஏ.டி.எல். என்னும் கணக்கிலிருந்து வருவது. அன்றாடச் செயல்கள் ஆறு: குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குப் போதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், மலசலம் அடக்குதல், உண்ணுதல். ஒவ்வொன்றிலும் தானாகச் செய்கிறாரா, பக்கத்தில் ஆள் நின்றால் போதுமா, பாதி உதவி வேண்டுமா, முழு உதவி வேண்டுமா என்று தனித்தனியாகக் குறிப்பார்கள். மளிகை வாங்குவது, போன் பேசுவது, மாத்திரையை நினைவாக எடுப்பது போன்றவை ஐ.ஏ.டி.எல்., அவை வேறு பட்டியல். இங்கே நடக்கும் தவறு அன்பினால் நடப்பது: பாதி உதவி போதுமானவருக்கு வேகமாக முடிக்க வேண்டும் என்று முழுவதையும் நாமே செய்துவிடுவது. இடது கையால் முகம் துடைக்கக்கூடியவருக்கு ஈரத்துண்டைக் கையில் கொடுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்தால் இரண்டு மாதத்தில் அவர் ‘டோட்டல் அசிஸ்ட்’ ஆகிவிடுவார்.

‘டூ அவர்லி பொசிஷன்’. இதை விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீண்டகாலப் பராமரிப்பில் உதவியாளரின் கையால் தடுக்கக்கூடிய பெரிய துன்பம் படுக்கைப்புண்தான். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, அந்த இடம் செத்துப்போவதுதான் பெட் சோர். முதுகின் அடியில் வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்க எலும்பு, கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்மண்டை, பக்கவாட்டில் படுத்தால் காது மடல். இந்த இடங்களை ஒவ்வொரு முறை திருப்பும்போதும் பார்க்க வேண்டும்.

முதல் நிலையில் தோல் கிழியாது. விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காத சிவப்பு என்று புத்தகம் சொல்லும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு தெரியாது. அந்த இடம் சுற்றிலும் உள்ளதைவிடக் கருநீலமாக இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா, தொட்டதும் முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள். இரண்டாம் நிலையில் மேல்தோல் உரியும் அல்லது கொப்புளம் வரும். மூன்றில் குழி விழுந்து கொழுப்பு தெரியும். நான்கில் தசை, எலும்பு வரை போகும். முதல் நிலையில் கண்டுபிடித்தால் திருப்பிப் படுக்கவைப்பதிலேயே சரியாகிவிடக்கூடும். மூன்றுக்குப் போய்விட்டால் மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆறவே ஆறாது.

திருப்பும் முறை: இடது, மல்லாந்து, வலது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நேரத்தோடு எழுதி. பக்கவாட்டில் திருப்பும்போது முழுக்க 90 டிகிரிக்குத் திருப்பினால் எடை முழுவதும் இடுப்பெலும்பில் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்வு போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்கால் அடியில் ஒரு தலையணை, குதிகால் காற்றில் நிற்கும்படி. மேலே இழுக்கும்போது அடியில் விரித்த குறுக்குத் துணியை இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். ஒருவரே அக்குளில் கைகொடுத்து இழுத்தால் தோல் மெத்தையோடு ஒட்டிக்கொண்டு உள்ளே சதை இழுபடும். இதற்கு ஷியர் என்று பெயர். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே புண் வைப்பது இதுதான்.

தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பதில் ஒரு முரண் இருக்கிறது. உயர்த்தினால் உடம்பு கீழே சறுக்கி ஷியர் வரும், அதனால் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்பார்கள். ஆனால் ரைல்ஸ் டியூபில் உணவு போகும்போதும் அதற்குப் பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரையிலும் 30 முதல் 45 டிகிரி வேண்டும், இல்லாவிட்டால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். உணவு நேரத்தில் நுரையீரலுக்கு முதலிடம் கொடுங்கள். முடிந்து நேரம் ஆனதும் மறக்காமல் இறக்குங்கள். உயர்த்தும்போது முழங்கால் பக்கத்தையும் சற்று மடக்கிவிட்டால் சறுக்கல் குறையும்.

செய்யக் கூடாதவை: சிவந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்வது, நடுவில் ஓட்டை வைத்த வளையத் தலையணை, குதிகாலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய கையுறை, பவுடரை அள்ளிக் கொட்டுவது. நம் கடற்கரைப் பக்கத்துப் புழுக்கத்தில் முதுகு எப்போதும் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில் பவுடர் மாவாகிப் படிந்து தோலை உராயும். ஈரத்தை ஒற்றி எடுத்து, உடனே காய்ந்த பருத்தித் துணி மாற்றுவதுதான் வழி. ஏர் பெட் போட்டிருந்தாலும் திருப்ப வேண்டும். கரண்ட் போனால் அதன் காற்று இறங்கிவிடும், நோயாளி கட்டில் பலகையில் படுத்திருப்பார். 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும் 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சலும் இந்தக் கரையில்தான் ஏறின. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இங்கே கரண்ட் நாள்கணக்கில் போகலாம் என்று எண்ணியே திட்டமிட வேண்டும். ஏர் பெட்டுக்கு மாற்றாகத் தடித்த ஃபோம் மெத்தை ஒன்று, ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓடும் நோயாளிக்கு நிரப்பிய சிலிண்டர் ஒன்று, அதைத் திறக்கும் சாவி எங்கே என்பது. இவற்றைப் புயல் எச்சரிக்கை வந்த அன்றே சிஸ்டரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

‘சாஃப்ட் டயட், திக் லிக்விட்’ என்றால் விழுங்குவதில் சிக்கல் இருக்கிறது என்று பொருள், டிஸ்ஃபேஜியா. புரையேறுவதுதான் இங்கே ஆபத்து. பலரும் நினைப்பதற்கு மாறாக, கெட்டிக் கஞ்சியைவிடத் தண்ணீரும் காபியும்தான் வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் நுழையும். இன்னொரு பொறி ரசம் சாதம். நோயாளிக்கு இதமானது என்று வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். நீரும் பருக்கையும் பிரிந்து கிடக்கும் உணவு விழுங்கத் தடுமாறுபவருக்கு மிகக் கடினம். ரசம் முன்னால் ஓடிவிடும், சோறு வாயிலேயே நிற்கும். குழைத்துப் பிசைந்து ஒரே பதமாக்கிய உணவே பாதுகாப்பு. எந்தப் பதம் என்பதை சிஸ்டரோ ஸ்பீச் தெரபிஸ்ட்டோ சொல்வார், நீங்களாக மாற்ற வேண்டாம்.

நேராக உட்காரவைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, டீஸ்பூன் அளவு, வாயின் நல்ல பக்கத்தில். குரல்வளை மேலே ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். நடுநடுவே ‘ஆ’ என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கொழகொழத்தால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். முடித்ததும் செயலிழந்த பக்கக் கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று பார்த்து வாயைச் சுத்தம் செய்யுங்கள். அரை மணி நேரம் படுக்கவைக்க வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டவே கூடாது. புரையேறி இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். இருமவோ பேசவோ முடியாமல் போனால் கூவி அழைத்துக்கொண்டே, முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தட்டு, பிறகு தொப்புளுக்குச் சற்று மேலே 5 முறை உள்நோக்கி மேலாக அழுத்தம்.

இதோடு சேர்ந்த சொல் என்.பி.எம்.; வாய் வழியாக எதுவுமே கிடையாது. தண்ணீர், மாத்திரை, பார்க்க வந்தவர் கொடுக்கும் கோயில் தீர்த்தம் எல்லாம் அதில் அடக்கம். தலைமாட்டில் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். பக்தியோடு வருபவரிடம், ‘நெத்தியில வச்சுவிடுங்கம்மா, வாயில மட்டும் வேண்டாம்’ என்றால் கேட்டுக்கொள்வார்கள்.

‘ஃபோலிஸ்’ சிறுநீர்க் குழாய், ‘ஐ-ஓ’ உள்ளே போனதும் வெளியே வந்ததும். பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ, ஆனால் தரையைத் தொடாமல். வீல்சேருக்கு மாற்றும்போது பையை நோயாளியின் மடியிலோ வயிற்றின் மேலோ வைப்பதுதான் தினமும் நடக்கும் தவறு. பழைய சிறுநீர் திரும்பி உள்ளே ஓடி நோய்த்தொற்று வரும். மூன்றில் இரண்டு பங்கு நிறைவதற்குள் காலி செய்யுங்கள். குழாயும் பையும் சேரும் இணைப்பைக் கழற்றாதீர்கள். கழற்றி எறியும் பை சிவப்புத் தொட்டிக்கு. அழுக்கான டயப்பரும் கட்டுத்துணியும் மஞ்சளுக்கு.

உள்ளே போனதில் தண்ணீர் மட்டும் எழுதினால் கணக்கு பொய். கஞ்சி, மோர், காபி, ரைல்ஸ் டியூபில் போனது, குழாயை அலச விட்ட தண்ணீர் எல்லாம் சேர வேண்டும். அங்கே இருக்கும் டம்ளரை ஒரு முறை அளவுக் கோப்பையில் ஊற்றி எத்தனை மில்லி என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு டம்ளர்’ வீட்டுக்கு வீடு மாறும். வெளியே வருவது மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, அதன் மேல் அவர் படுத்திருக்கிறாரா என்று பாருங்கள், பிறகு உடனே சொல்லுங்கள். மூன்று நாள் மலம் போகவில்லை என்றாலும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு தண்ணீராகக் கசிந்தால் வயிற்றுப்போக்கு என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளே கல்லாக அடைத்துக்கொண்டு ஓரமாக வழிவதாக இருக்கலாம்.

வைட்டல்ஸ் எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்குச் சாதாரணமாக நாடி 60–100, மூச்சு நிமிடத்துக்கு 12–20, காய்ச்சல் என்பது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து, ஆக்ஸிஜன் அளவு 95-க்கு மேல், சர்க்கரை 70-க்குக் கீழே என்றால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியது. நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு டாக்டர் ஆக்ஸிஜன் இலக்கைக் குறைத்து எழுதியிருப்பார்; ‘90தான் இருக்கே’ என்று நீங்களே ஆக்ஸிஜனைக் கூட்டிவிடாதீர்கள். ‘ஹைப்பர்’, ‘ஹைப்போ’ இரண்டும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். ஒன்று கூடுதல், மற்றது குறைவு, சிகிச்சையோ நேர் எதிர். அதனால் அந்தச் சொற்களை விட்டுவிட்டு, ‘சுகர் 58, கை நடுங்குது, வியர்க்குது’ என்று எண்ணோடு சொல்லுங்கள்.

டிமென்ஷியா மெதுவாக வருடக்கணக்கில் வரும் மறதி. நேற்றுவரை மகளை அடையாளம் கண்டவர் இன்று ‘நீ யாரு’ என்று கேட்டால் அது டெலிரியம். சிறுநீர்த் தொற்று, நீர் வற்றுதல், சர்க்கரை இறங்குதல், புது மாத்திரை என்று ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடக் கூடாத மாற்றம் இது. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல்கூடத் தொற்று இப்படி வெளிப்படும்.

‘ஃபால் ரிஸ்க்’. கட்டில் தாழ, பிரேக் போட்டு, அழைப்பு மணி நல்ல கைக்கு எட்டும்படி. படுத்திருப்பவரை உடனே நிற்கவைக்காமல், காலைத் தொங்கப்போட்டு ஓரிரு நிமிடம் உட்காரவைத்துத் தலைசுற்றல் கேட்டபின் எழுப்புங்கள். இழுபடும் வேட்டியும் தேய்ந்த ரப்பர் செருப்பும் ஈரமான குளியலறைத் தரையும் சேர்ந்தால் விழுவது உறுதி. பலர் விழுவது இரவில் கழிப்பறைக்குப் போகும்போதுதான். படுக்கும் முன்னும் விடியுமுன்னும் நீங்களே கேட்டு அழைத்துப்போங்கள். விழுந்துவிட்டால் அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகவும் பாதம் வெளிப்பக்கம் திரும்பியும் இருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

விழாமல் இருக்க வேண்டும் என்று துண்டால் கட்டிலோடு கையைக் கட்டுவது பராமரிப்பு ஆகாது. அதற்குப் பெயர் ரெஸ்ட்ரெயின்ட். டாக்டரின் எழுத்து உத்தரவு இல்லாமல் யாரும் அதைச் செய்யக் கூடாது. கட்டப்பட்டவர் திமிறித் தோல் கிழியும், புண் வரும், குழப்பம் கூடும். அடிப்பது மட்டும் அப்யூஸ் இல்லை. திட்டுவது, பணம் எடுப்பது, ஈரத் துணியோடு மணிக்கணக்கில் கிடக்கவிடுவது, குளிப்பாட்டும்போது திரை போடாமல் இருப்பது, நோயாளியின் படத்தை வாட்ஸ்அப்பில் போடுவது எல்லாம் அதில் சேரும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டத்தின்படி, பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் உள்ளவர் முதியவரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதியோருக்கான உதவி எண் 14567. அழைக்கும் முறையும் மரியாதையில் சேர்ந்தது. இந்தப் பக்கம் பாட்டியையும் ஆயா என்போம், வார்டு வேலைக்காரரையும் ஆயா என்போம். தன்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். பெயர் சொல்லி ஒருமையில் மட்டும் வேண்டாம்.

‘டி.என்.ஆர்.’ என்று கேள்விப்பட்டால், இதயம் நின்றால் மீட்கும் முயற்சி வேண்டாம் என்று டாக்டர் உரிய முறைப்படி எழுதி வைத்திருப்பது. கேஸ் ஷீட்டில் இல்லாமல் சொந்தக்காரர் வாயால் சொன்னது டி.என்.ஆர். ஆகாது. அது இருந்தாலும் ஊட்டல், வாய் சுத்தம், திருப்பிப் படுக்கவைத்தல், வலிக்கு மருந்து எதுவும் நிற்காது.

கடைசியாக, குறிப்பு எழுதுவது பற்றி. செய்யும் முன்பே ‘10 மணி பொசிஷன்’ என்று டிக் போட்டு வைக்காதீர்கள். ‘நன்றாகச் சாப்பிட்டார்’ என்பதில் எதுவும் இல்லை. ‘2 இட்லியில் ஒன்றரை’ என்பதில் இருக்கிறது. நீங்கள் கண்டதையும் அவர் சொன்னதையும் பிரித்து எழுதுங்கள். உங்கள் நோயாளியை அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஒப்படைக்கும்போது இப்படிச் சொல்லலாம்: "ரைட் ஹெமி ஐயா, பார்ஷியல் அசிஸ்ட், இடது கையால முகம் தானே துடைச்சார். கடைசியா 2 மணிக்கு இடது பக்கம் திருப்பினேன். வால் எலும்புகிட்ட ஒரு ரூபா அளவு கருத்திருக்கு, சூடா இருக்கு, தோல் கிழியல, 12 மணிக்கு சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். மதியம் குழைச்ச சாதம் அரைக் கிண்ணம், புரையேறல. உள்ளே 850, வெளியே 600, மஞ்சளா தெளிவா போகுது. மலம் நேத்து காலையில. நாலு மணிக்கு அடுத்த பொசிஷன், மல்லாந்து வேண்டாம், வலது பக்கம்."